குருவுக்கு ஒரு குரு: விசாரிக்கப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

"இமயமலையில் ஒரு மகான் எனக்கு உபதேசம் கொடுத்தார்" என்று ஒரு ஆன்மிக குரு சொன்னதும் சிலர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள், சிலர் சிரித்துவிட்டுப் போகிறார்கள். சரி, உண்மையா என்று பார்த்துவிடலாம் என உட்காருகிறவர்களும் வழக்கமாகச் சில இடங்களில் வழுக்கி விழுகிறார்கள். அதைக் காட்ட நம்ம அடையாறிலேயே ஒரு நல்ல வழக்கு இருக்கிறது. பிரம்மஞான சபையை (தியோசாபிகல் சொசைட்டி) தொடங்கியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார், தனக்கு வழிகாட்டியவர்கள் மோர்யா, கூட் ஹூமி என்ற இரண்டு மகாத்மாக்கள் என்று சொன்னார். 1882 கடைசியில் சபையின் தலைமையகம் அடையாறுக்கு வந்தது. அந்த மகாத்மாக்கள் நிஜமாகவே இருந்தார்களா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை.

எல்லாரும் செய்கிற தவறு, ஒரே வாயிலிருந்து வந்ததைப் பல சாட்சிகளாக எண்ணுவது. மோர்யாவை பிளாவட்ஸ்கி 1851இல் லண்டனில் நேரில் சந்தித்தார் என்று எத்தனையோ புத்தகங்களில் இருக்கிறது. ஒவ்வொன்றும் எங்கிருந்து எடுத்தது என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தால், கடைசியில் பிளாவட்ஸ்கி சொன்னதில்தான் போய் நிற்போம். அப்படியானால் நம் கையில் இருப்பது ஒரே ஒரு சாட்சி. அவர் ஒவ்வொரு முறையும் என்ன சொன்னார் என்பதைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவருடைய தோழி வாக்ட்மைஸ்டர் சீமாட்டி எழுதியபடி, சந்திப்பு நடந்தது லண்டன் ஹைட் பார்க்கில். பிளாவட்ஸ்கியின் சொந்தக் குறிப்பேட்டில் இருப்பதோ கடலோர ஊரான ராம்ஸ்கேட், 1851 ஆகஸ்ட் 12. ஏன் இப்படி என்று சீமாட்டி கேட்டதற்கு, யாராவது புரட்டிப் பார்த்தால் உண்மையான இடம் தெரியக் கூடாது என்று வேண்டுமென்றே மாற்றி எழுதினேன் என்றாராம். சின்னட் என்ற பத்திரிகையாளருக்கு எழுதிய கடிதத்தில், முதல் நேபாளத் தூதுக்குழு வந்த வருஷம் என்கிறார். ஜங் பகதூர் ராணா தலைமையில் அந்தக் குழு லண்டனுக்கு வந்தது 1850இல். இதை வைத்து அவர் பொய் சொன்னார் என்று முடிவு கட்ட முடியாது, வருஷம் யாருக்கும் மறக்கும். ஆனால் "1851, லண்டன்" என்று கல்வெட்டு மாதிரி எழுதுகிறவர்கள் இந்தக் குளறுபடியை மறைத்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள்.

அவசரத்தில் இல்லாத முரண்பாட்டைக் கண்டுபிடிக்கவும் கூடாது. அந்த ஆகஸ்ட் 12 தன்னுடைய இருபதாவது பிறந்தநாள் என்று அதே குறிப்பில் இருக்கிறது, பிறந்தது ஜூலை 31 என்றும் இருக்கிறது. "மாட்டிக்கொண்டார்!" என்று குதிக்க வேண்டாம். அவர் பிறந்த ரஷ்யாவில் அப்போது பழைய ஜூலியன் நாள்காட்டி, பன்னிரண்டு நாள் பின்னால் ஓடியது. இரண்டும் ஒரே நாள்தான்.

அடுத்தது, பொருள் இருந்தால் ஆளும் இருந்தார் என்று நினைப்பது. மகாத்மாக்கள் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதங்கள் இருக்கின்றன. அலகாபாத்தில் பயனியர் பத்திரிகையின் ஆசிரியராக இருந்த சின்னட்டுக்கு வந்தவை இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. யாரோ ஒருவர் அவற்றை எழுதினார் என்பதற்கு மேல் அவை தாமாக எதையும் நிரூபிக்காது. இங்கே கையெழுத்தை விட வாசகத்தைத் துருவுவது பலன் தரும். 1880 ஆகஸ்டில் ஹென்றி கிடில் என்ற அமெரிக்கர் பேசிய சொற்பொழிவின் ஒரு பகுதி, அதே வருஷக் கடைசியில் வந்த கூட் ஹூமி கடிதத்தில் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. கடிதம் அச்சில் வந்ததைப் பார்த்து கிடிலே 1883இல் புகார் சொன்னார். மனதால் சொல்லச் சொல்ல ஒரு இளம் சீடர் வாங்கி எழுதியதில் மேற்கோள் விவரம் விட்டுப்போயிற்று என்று மகாத்மா தரப்பிலிருந்து விளக்கம் வந்தது. அந்த விளக்கம் எனக்கு ஒட்டவில்லை.

நேரில் பார்த்தவர் என்று ஒருவர் வந்தால் அவரைப் பொய்யர் ஆக்க வேண்டியதில்லை, எப்படி அடையாளம் கண்டார் என்று மட்டும் கேட்டால் போதும். திருநெல்வேலியில் பத்திரப் பதிவு அதிகாரியாக இருந்த ராமசாமி ஐயர், 1882 அக்டோபரில் சிக்கிமில் தனியாக நடந்து போனபோது எதிரே குதிரையில் வந்தவரைத் தன் குரு மோர்யா என்று கண்டுகொண்டதாக எழுதினார். முதலில் அவரை சிக்கிம் ராஜாவின் படை அதிகாரி என்றுதான் நினைத்திருக்கிறார். பிறகு எப்படித் தெரிந்தது? சபையின் மாடத்தில் முன்பு சூட்சும உருவில் பார்த்த முகமாம். ஆக, அவர் ஒரு மனிதரைச் சந்தித்தார் என்பதை நம்பலாம். அந்த மனிதர் மோர்யா என்பது மட்டும் அந்த மாடத்துக் காட்சியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இனி எதிர்ப்பக்கம். அம்பலப்படுத்தும் அறிக்கை ஒன்று கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. அடையாறில் வீட்டு நிர்வாகம் பார்த்த எம்மா கூலோம் 1884இல் வெளியேற்றப்பட்ட பிறகு, மோசடிக்கு உதவச் சொல்லி பிளாவட்ஸ்கி தனக்கு எழுதியவை என்று சில கடிதங்களைக் கொடுத்தார், சென்னை கிறித்துவக் கல்லூரிப் பத்திரிகை அவற்றை அச்சிட்டது. லண்டன் ஆவியாராய்ச்சிக் கழகம் அனுப்பிய ஹோட்ஜ்சன் டிசம்பரில் வந்து விசாரித்து, எல்லாம் மோசடி என்று 1885இல் அறிக்கை கொடுத்தார். பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் வந்து சேர்ந்தபோது, அடையாறில் மகாத்மாக்களின் கடிதங்கள் மாயமாகத் "தோன்றிய" அலமாரியை சபைக்காரர்களே எரித்துவிட்டிருந்தார்கள். கூலோம் கடிதங்களின் மூலப்பிரதி இன்று பரிசோதிக்கக் கிடைப்பதில்லை. பிளாவட்ஸ்கி ரஷ்ய ஒற்றர் என்று வேறு ஹோட்ஜ்சன் ஊகம் செய்தார். 1986இல் அதே கழகத்தின் இதழில் வெர்னன் ஹாரிசன் என்ற ஆவண நிபுணர், அந்த அறிக்கை ஒருதலைப்பட்சமானது, மகாத்மா கடிதங்களை எழுதியது பிளாவட்ஸ்கிதான் என்ற அதன் கையெழுத்து வாதம் நிற்காது என்று எழுதினார். உடனே மகாத்மாக்கள் நிரூபணம் ஆகிவிட்டார்கள் என்று சிலர் கொண்டாடினார்கள், அதுவும் அபத்தம். ஒரு வழக்கறிஞர் மோசமாக வாதாடினார் என்பதால் எதிராளி சொன்னது உண்மையாகிவிடாது.

கடைசி சறுக்கல் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் படித்தவர்கள்தான் அதில் விழுகிறார்கள்: மர்ம ஆளுக்கு ஒரு நிஜப் பெயரைப் பொருத்திவிடுவது. 1994இல் பால் ஜான்சன் என்ற ஆய்வாளர், மோர்யாவுக்குப் பின்னால் இருந்தவர் காஷ்மீர் மகாராஜா ரண்பீர் சிங், கூட் ஹூமிக்குப் பின்னால் சீக்கியத் தலைவர் தாக்கர் சிங் சந்தன்வாலியா என்று வாதிட்டார். உழைத்து எழுதிய ஊகம்தான். ஆனால் ஒருவருக்கு ஒரு பெயர் பொருந்துகிற மாதிரி இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது அவருடைய இறந்த தேதி. தாக்கர் சிங் இறந்தது 1887 ஆகஸ்டில், நம்ம பாண்டிச்சேரியில். 1888 ஆகஸ்டில், பிளாவட்ஸ்கியோடு சபையைத் தொடங்கிய ஆல்காட் ஐரோப்பாவுக்குப் போன கப்பலில் அவருக்குக் கூட் ஹூமி பெயரில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. ஒன்று, ஆள் தாக்கர் சிங் இல்லை. இல்லாவிட்டால் அந்தக் கடிதத்தை வேறு யாரோ எழுதினார்கள், அப்படியென்றால் மற்ற கடிதங்களையும் அதே கேள்வியோடு மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியதுதான்.