பாய்லர் பம்பில் இறுகிப்போன போல்ட்டுகள்: கழற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் வீட்டு சென்ட்ரல் ஹீட்டிங் பம்பு, அதாவது பாய்லரின் சூடான தண்ணீரை ரேடியேட்டர்களுக்குச் சுற்றவிடும் பம்பு, பெரும்பாலும் குளிர் தொடங்கும் நேரம் பார்த்துத்தான் மக்கர் பண்ணும். கோடை முழுக்கச் சும்மா கிடந்துவிட்டு, அக்டோபரில் சுவிட்சைப் போட்டால் சுற்றாது. புதுப் பம்பை மாட்டுவது பெரிய வேலை இல்லை. பழையதைக் கழற்றுவதில்தான் வம்பு. மோட்டார் தலையை வார்ப்பிரும்பு உடலோடு பிடித்திருக்கும் நான்கு ஆலன் போல்ட்டுகளும் (தலையில் அறுகோணக் குழி உள்ளவை), பம்பைக் குழாயோடு சேர்க்கும் இரண்டு பெரிய யூனியன் நட்டுகளும் பல வருடத் துருவில் இறுகிப் போயிருக்கும்.

முதலில் இது நாம் தொடக்கூடிய பம்புதானா என்று பார்க்க வேண்டும். ஏரிங் கப்போர்டில் (துணி உலர்த்தும் அலமாரி), வெந்நீர் சிலிண்டருக்குப் பக்கத்தில் தனியாக இருக்கிறதென்றால், கைப்பழக்கம் உள்ளவர் தாராளமாக இறங்கலாம். காம்பி பாய்லருக்குள் (ஹீட்டிங்கும் குழாய் வெந்நீரும் ஒரே பெட்டியில் தருவது) இருந்தால் கதை வேறு. பல மாடல்களில் வெளி மூடியே எரியும் அறைக்கு முத்திரையாகவும் இருக்கும். அதைத் திறப்பது கேஸ் வேலை; கேஸ் சேஃப் (பிரிட்டனில் கேஸ் வேலை செய்பவர்களுக்கான பதிவேடு) பதிவு உள்ளவர்தான் செய்ய வேண்டும். 'தெரிந்த பையன் வந்து பார்ப்பான்' என்று விடுகிற இடம் இது இல்லை.

அடுத்த தவறு, வால்வை மூடியதும் தண்ணீர் நின்றுவிட்டது என்று நம்புவது. பம்பின் இரு பக்கமும் இருக்கும் பழைய வால்வுகள் பாதிக்குப் பாதி முழுதாக அடைக்காது. ஓடிக்கொண்டிருந்த அமைப்பில் தண்ணீர் 60, 70 டிகிரி சூட்டில் இருக்கும், ஆறவிடுங்கள். ஃப்யூஸ்டு ஸ்பரை (பம்புக்கு மின்சாரம் தரும், ஃப்யூஸ் உள்ள சுவர் சுவிட்ச்) அணைத்து ஃப்யூஸைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பரணில் தொட்டி உள்ள அமைப்பு என்றால் அது மறுபடி நிரம்பாதபடி மிதவை வால்வைக் கட்டிவிட வேண்டும். தொட்டி இல்லாமல் அழுத்தத்தில் ஓடும் மூடிய அமைப்பு என்றால் அழுத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்க வேண்டும். போல்ட்டை எப்போதும் கொஞ்சமாகத் தளர்த்தி, சொட்டுவது சில நிமிடத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே மேலே போக வேண்டும். ஒன்றை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால், மிச்ச அழுத்தம் கறுப்புத் தண்ணீராக முகத்தில் அடிக்கும்.

சரி, போல்ட்டுக்கு வருவோம். மோட்டாருக்கும் உடலுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கட் வழியாக மெல்லக் கசிந்த ஈரம் போல்ட் துளைக்குள் போய்விடும். இரும்பு துருவாக மாறும்போது முன்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் வார்ப்பிரும்பில் மரை இறுகும், கூடவே மோட்டாரின் அலுமினிய விளிம்பிலும் போல்ட்டின் தண்டு சிக்கிக்கொள்ளும். பலர் மரையை மட்டும் நினைத்து எண்ணெய் விடுகிறார்கள். பிடி இரண்டு இடத்தில் இருக்கிறது.

அதிகமான போல்ட்டுகளை நாசமாக்குவது தவறான ஆலன் கீதான். பெரும்பாலும் 4 அல்லது 5 மி.மீ. தேவைப்படும். அங்குலக் கணக்கில் 3/16 என்பது 4.76 மி.மீ.; 5 மி.மீ. குழியில் உட்கார்ந்த மாதிரி தெரியும், ஆனால் திருப்பினால் மூலைகளை வழித்துவிடும். உருண்டை முனை உள்ள கீயும் வேண்டாம். குழிக்குள் இருக்கும் துருவையும் பெயின்ட்டையும் கூர்கம்பியால் சுரண்டி எடுத்து, புதிய பிட்டைச் சுத்தியால் தட்டி அடிவரை இறக்குங்கள். அந்தத் தட்டலே துருப்பிடியைக் கொஞ்சம் உடைத்துக் கொடுக்கும்.

டபிள்யூடி-40 தெளித்த இரண்டாவது நிமிடமே திருகப் பார்ப்பது அடுத்த வழக்கம். அது அடிப்படையில் ஈரத்தை விலக்குவதற்கு உருவாக்கப்பட்டது. மரைக்குள் இறங்குவதற்கென்றே விற்கும் ஊடுருவும் எண்ணெயைப் போட்டு, இரவு முழுக்க விட்டு, இடையிடையே தட்டிவிட்டால் பலன் தெரியும். பழைய மோட்டார் தலையை மட்டும் மாற்றப்போகிறீர்கள் என்றால், புது கேஸ்கட் வைப்பதற்கு முன் அந்த எண்ணெயை நன்றாகத் துடைத்துவிடுங்கள். ஹீட்டிங் பம்புகளில் அதிகம் வரும் இபிடிஎம் ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பிவிடும்.

சூடு காட்டுவது நல்ல யோசனைதான், ப்ளோ டார்ச் இல்லாமல். செப்புக் குழாய்களை ஒட்டும் ஈயமில்லாத சால்டர் சுமார் 227 டிகிரியில் உருகும். பக்கத்துக் குழாய் இணைப்பு இளகிப்போனால் போல்ட் பிரச்சினையே மறந்துவிடும். ஹீட் கன்னைப் போல்ட்டின் தலையில் காட்டாமல் சுற்றியுள்ள அலுமினியத்தில் காட்டுங்கள். ஒரே சூட்டுக்கு அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அப்புறம் முதலில் ஒரு துளி இறுக்கும் பக்கமாகத் திருப்பிவிட்டு, பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள்.

கீயின் மேல் நீளக் குழாயைச் செருகி முழு பலத்தையும் போடுவதைத்தான் நான் எல்லாவற்றையும்விட மோசமான தவறாகச் சொல்வேன். போல்ட் உடைந்தால்கூடப் பரவாயில்லை, சமாளிக்கலாம். ஆனால் அந்தப் பலம் பம்பின் உடல் வழியாக 22 மி.மீ. செப்புக் குழாய்க்குப் போய், சுவருக்குள்ளோ தரைக்கு அடியிலோ இருக்கும் ஒரு இணைப்பை அசைத்துவிடும். இரண்டாவது ரெஞ்சால் பம்பின் உடலை எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டே திருப்ப வேண்டும். யூனியன் நட்டுக்கும் இதே விதிதான்: வால்வை ஒரு ஸ்பேனர் பிடிக்க, நட்டை இன்னொன்று திருப்ப வேண்டும். அசையவே இல்லையா? நட்டின் ஒரு பக்கத்தைச் சிறு ஹாக்ஸாவால் சரிவாக, மரையைத் தொடாமல் அறுத்து, உளியால் ஒரு தட்டு தட்டினால் விரிந்து கொடுக்கும். எப்படியும் புது நட்டு வாங்கத்தான் போகிறீர்கள்.

குழி வழுக்கிவிட்டதென்றால், ஒரு அளவு பெரிய டார்க்ஸ் (ஆறு முனை நட்சத்திர வடிவ) பிட்டைச் சுத்தியால் அடித்து இறக்கிப் பாருங்கள். அதுவும் உதவாவிட்டால் போல்ட்டின் தலையைத் துளைத்து எடுத்துவிடுவதே மேல். ஆலன் குழியே டிரில்லுக்கு நடுவைக் காட்டிக் கொடுக்கும். தண்டைவிடச் சற்றுப் பெரிய பிட் போதும். தலை கழன்றதும் மோட்டார் வெளியே வந்துவிடும். இழுவிசை போய்விட்டதால், மிச்சம் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை மோல் கிரிப்பால் (பூட்டிப் பிடிக்கும் இடுக்கி) பிடித்தால் பல நேரம் லேசாகச் சுழன்று வரும். இதைச் செய்து பார்க்காமல் எடுத்த எடுப்பிலேயே எக்ஸ்ட்ராக்டரை (உடைந்த போல்ட்டைப் பிடித்துக் கழற்றும் எதிர்மரைக் கருவி) செருகுகிறவர்கள் உண்டு. அது உடைந்து உள்ளே தங்கினால், அந்தக் கடின எஃகைச் சாதாரண டிரில் தொடக்கூட முடியாது.

இரண்டு போல்ட் கெட்டுப்போன பிறகும் மோட்டார் தலையை மட்டும் மாற்றுவேன் என்று மல்லுக்கட்டுவது வீண். யூனியன் நட்டுகள் கழன்றால் முழுப் பம்பையே மாற்றிவிடலாம். பிரிட்டன் வீடுகளில் பம்பின் நீளம் பெரும்பாலும் 130 மி.மீ., எனவே புதியது அதே இடத்தில் உட்காரும். 2015 ஆகஸ்டுக்குப் பிறகு ஆற்றல் விதிகள் இறுகியதால், கடையில் கிடைக்கும் புதுத் தலை உங்கள் பழைய உடலோடு பொருந்தும் என்ற உத்தரவாதமும் இல்லை. பொருந்துமா என்று கழற்றுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கழற்றும் வேலையையும் சனிக்கிழமை மாலையில் தொடங்காதீர்கள், பிளம்பிங் கடைகள் பலவும் ஞாயிறு திறக்காது.

புதுப் போல்ட்டுகளின் மரையில் கொஞ்சம் காப்பர் கிரீஸ் தடவி, கேஸ்கட்டில் படாமல், குறுக்காக மாற்றி மாற்றி இறுக்குங்கள். வடித்த அளவுக்குத் தண்ணீர் நிரப்பும்போது இன்ஹிபிட்டரும் (துருவைத் தடுக்கும் திரவம்) சேர்க்க வேண்டும். ஒருமுறை சூடாகி ஆறிய பிறகு, விளிம்பைச் சுற்றி ஒரு டிஷ்யூ பேப்பரை ஓட்டிப் பாருங்கள்; கண்ணுக்குத் தெரியாத கசிவும் அதில் தெரிந்துவிடும்.