குழந்தைக்கு முகவரி எழுதக் கற்றுக்கொடுப்போம்: எங்கே காற்புள்ளி, எங்கே முற்றுப்புள்ளி?

என் அக்கா மகள் நான்காம் வகுப்பு படிக்கும்போது ஒரு கடிதத்தில் "எண் 2 3வது தெரு காந்தி நகர்" என்று எழுதியிருந்தாள். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் படிப்பவர் கண்ணில் 23-வது தெரு என்றுதான் படும், வீட்டு எண் காணாமல் போய்விடும். அவள் சொல்ல வந்தது மூன்றாவது தெருவில் இரண்டாம் எண் வீடு. கதையிலோ கட்டுரையிலோ ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் முன்பின் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். முகவரியில் அதற்கு வழியில்லை. அதனால் நிறுத்தக்குறிகளைப் பழக்க முகவரியைவிட நல்ல பாடம் கிடையாது என்பது என் எண்ணம்.

எட்டு வயதுக் குழந்தை என்றால் தாராளமாகத் தொடங்கலாம். ஒரு நீளமான தாள், கத்தரிக்கோல், பசை, ஒரு அஞ்சலட்டை இருந்தால் போதும்.

படி 1: ஒரே வரியில் எழுதுங்கள்

தாளில் எந்தக் குறியும் இல்லாமல் நீங்களே பெரிய எழுத்தில் எழுதுங்கள்:

நூலகர் கன்னிமாரா பொது நூலகம் பாந்தியன் சாலை எழும்பூர் சென்னை 600008

குழந்தையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே மூச்சு விடுவது என்று தெரியாமல் திணறும். அந்தத் திணறலை அது உணரட்டும், அவசரப்பட்டு விளக்க வேண்டாம்.

படி 2: கத்தரிக்கோல்

"ஒரு இடத்தின் பெயர் முடிந்து அடுத்த பெயர் தொடங்குகிற இடத்தில் வெட்டு" என்று சொல்லுங்கள். இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். எங்கள் வீட்டில் முதல் வெட்டே "பாந்தியன்" என்பதற்கும் "சாலை" என்பதற்கும் நடுவில் விழுந்தது. நான் திட்டவில்லை. "சாலை" என்ற துண்டை மட்டும் அவள் கையில் கொடுத்து, "இதை வைத்துக்கொண்டு போய்ச் சேர முடியுமா?" என்று கேட்டேன். "எந்தச் சாலைன்னு தெரியலையே" என்றாள். சரி, அப்படியென்றால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு பெயர் என்று அவளே ஒட்டிவிட்டாள். காற்புள்ளி பற்றிச் சொன்னதும் குழந்தைகள் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் அதைப் போடத் தொடங்குவார்கள். "அண்ணா, நகர்" என்றுகூட எழுதுவார்கள். இந்த ஒட்டும் வேலை அதைத் தடுத்துவிடும்.

படி 3: துண்டுகளை அடுக்குங்கள்

துண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வேறொரு தாளில் ஒட்டி, ஒவ்வொன்றின் முடிவிலும் காற்புள்ளி இடச் சொல்லுங்கள்:

பெறுநர்
நூலகர்,
கன்னிமாரா பொது நூலகம்,
பாந்தியன் சாலை,
எழும்பூர்,
சென்னை - 600 008.

"பெறுநர்" என்பது தலைப்பு என்பதால் அதற்குக் குறி வேண்டாம் என்பது என் வழக்கம். பள்ளியில் காற்புள்ளி இடச் சொன்னால் அப்படியே இடட்டும். ஆனால் "அனுப்புனர்" என்று எழுத விடாதீர்கள், "அனுப்புநர்" என்பதே சரி.

காற்புள்ளியின் வடிவத்தையும் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். புள்ளி வரியின் மேல் உட்கார வேண்டும், வால் வரிக்குக் கீழே இறங்க வேண்டும். சில குழந்தைகள் அதை எண்ணின் உயரத்துக்கே கோடாக இழுத்துவிடுவார்கள். அப்போது "2," என்பது 21 ஆகிவிடும்.

படி 4: பெயரும் கதவு எண்ணும்

தலைப்பெழுத்துக்குப் பின் புள்ளி: க. கவிதா. பெயர் முடிந்ததும் காற்புள்ளி. கதவு எண்ணில் சாய்கோடு இருந்தால் (12/4) அதை அப்படியே எழுத வேண்டும், அங்கே காற்புள்ளி வந்தால் இரண்டு வீடுகள் என்று பொருளாகிவிடும். எண்ணுக்கும் தெருவுக்கும் நடுவில் மட்டும் காற்புள்ளி: "எண் 2, 3-வது தெரு".

படி 5: ஊரும் அஞ்சல் குறியீட்டு எண்ணும்

ஊர்ப் பெயருக்குப் பின் ஒரு சிறு கோடு, பிறகு ஆறு இலக்கம், கடைசியில் முற்றுப்புள்ளி. முகவரி முழுவதற்கும் வரி முடிவில் வரும் முற்றுப்புள்ளி அது ஒன்றுதான்.

இந்த எண்ணின் கதையைக் குழந்தைகள் ஆசையாகக் கேட்பார்கள். ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதால் வந்த குழப்பத்தைத் தீர்க்க 1972 ஆகஸ்ட் 15 அன்று இது நடைமுறைக்கு வந்தது. முதல் இலக்கம் நாட்டின் மண்டலத்தைக் காட்டும். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் 6. முதல் மூன்று இலக்கமும் சேர்ந்து கடிதங்களைப் பிரிக்கும் மாவட்டத்தையும், கடைசி மூன்றும் அஞ்சலகத்தையும் சொல்லும். மூன்று மூன்றாக இடைவெளி விட்டு எழுதினால் இது கண்ணுக்கே தெரியும். அஞ்சலட்டையில் ஆறு கட்டங்கள் அச்சிட்டிருந்தால் கட்டத்துக்கு ஓர் இலக்கம்தான். அங்கே கோடும் வேண்டாம், புள்ளியும் வேண்டாம்.

படி 6: அஞ்சலில் போடுங்கள்

அப்புறம் உங்கள் வீட்டு முகவரியையே அஞ்சலட்டையில் எழுதச் சொல்லி, அஞ்சல் பெட்டியில் குழந்தையின் கையாலேயே போட வையுங்கள். இது நன்றாக வந்துவிட்டால் அடுத்து கிராமத்தில் இருக்கும் பாட்டி வீட்டு முகவரி. அதில் அஞ்சல், வட்டம், மாவட்டம் என்று மூன்று வரிகள் கூடும், ஒவ்வொன்றுக்கும் காற்புள்ளி உண்டு. பாட்டியிடம் முன்கூட்டியே சொல்லி, ஒரு பதில் எழுதிப் போடச் சொல்லுங்கள்.