சூலூர்பேட்டை ஏரிச் சாலையில் பூநாரைகளைப் படமெடுக்க: புதியவர்களுக்கு

தமிழ்நாட்டு எல்லையிலுள்ள ஆரம்பாக்கம் தாண்டியதும் கடைப் பலகைகள் தெலுங்குக்கு மாறிவிடும். தடா டீக்கடைகளில் பேச்சு மட்டும் தமிழிலேயே ஓடும். எங்கள் ஊர் இந்தப் பக்கம்தான். பழவேற்காடு ஏரி என்றால் தமிழ்நாட்டு ஏரி என்றே பலர் நினைக்கிறார்கள், ஆனால் அதன் பெரும்பகுதி ஆந்திராவில்தான் இருக்கிறது. சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரியின் குறுக்கே செல்கிறது. பறவைகளைப் படமெடுக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. சென்னையிலிருந்து சூலூர்பேட்டை வரை புறநகர் ரயிலே இருக்கிறது.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பும். மழை ஓய்ந்து நீர் மெல்ல இறங்கும்போதுதான் பூநாரை (ஃபிளமிங்கோ) நின்று மேய்வதற்கேற்ற ஆழம் கிடைக்கும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வாருங்கள். விடியும்போது சாலையில் இருக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் நீர்ப்பரப்பில் கானல் அலையத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாக இருந்தாலும் தொலைவிலுள்ள பறவை கலங்கலாகத்தான் விழும்.

2. கருவிகள்

8×42 பைனாகுலர் ஒன்று (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.). 300 மி.மீ. அல்லது அதற்கு மேல் எட்டும் லென்ஸ். லென்ஸ் மாற்ற முடியாத, பெரிய ஜூம் உள்ள பிரிட்ஜ் கேமராவே தொடக்கத்துக்குப் போதும். தொப்பி, தண்ணீர், மங்கலான நிறத்தில் சட்டை. அவ்வளவுதான்.

3. சாலையின் எந்தப் பக்கம் பார்ப்பது?

சாலை ஏறக்குறைய மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. குளிர்காலத்தில் சூரியன் தென்கிழக்கில் எழுந்து, நாள் முழுக்கத் தெற்குப் பக்கமே சாய்ந்து நகரும். ஆகவே சாலையின் வடபுறம் மேயும் பறவைகள்மீது வெளிச்சம் நேராக விழும். இளஞ்சிவப்புச் சிறகும் கறுத்த அலகு நுனியும் தெளிவாகத் தெரியும். தென்புறம் நிற்பவை நிழலுருவமாகத்தான் வரும். விடியற்காலைப் பொன்னிற நீரில் அந்த நிழலுருவமும் அழகுதான், ஆனால் அது நீங்கள் தெரிந்து எடுத்ததாக இருக்க வேண்டும்.

வண்டியைச் சாலையோரம் நன்றாக ஒதுக்கி நிறுத்துங்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் விண்வெளி மையம் இருப்பதால், பாதுகாப்புச் சோதனைச் சாவடி கண்ணில் படும்போதே கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

4. முதல் அரை மணி நேரம் படமே வேண்டாம்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். பைனாகுலரில் மட்டும் பாருங்கள். பூநாரை அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, நீரை வடிகட்டித் தின்னும். தலை நீருக்குள் இருக்கும்வரை அது நிம்மதியாக இருக்கிறது என்று பொருள். கழுத்துகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தால் உங்களைக் கவனித்துவிட்டன. கூட்டம் மெல்ல விலகி நடந்தால் நீங்கள் நெருங்கியது அதிகம். அடுத்து அவை பறந்துவிடும்.

முதல் வருடம் நான் சாலையை விட்டுச் சேற்றில் இறங்கினேன். முழங்கால் வரை புதைந்தது, கூட்டம் முழுவதும் எழும்பிப் போய்விட்டது. வலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "தம்பி, சும்மா ஒரு இடத்துல நில்லு. அதுங்களே இந்தப் பக்கம் மேய வரும்" என்றார். மறுநாள் நின்றேன். ஒரு மணி நேரத்தில் வந்தன.

அவற்றோடு மேயும் ஊசிவால் வாத்தும் கருவால் மூக்கன் என்ற நீள அலகுக் கரைப்பறவையும் வட ஆசியா வரை திரும்பிப் பறக்க வேண்டியவை. இங்கே தின்று சேர்க்கும் கொழுப்புதான் வழிக்கான எரிபொருள். பறக்கும் படம் வேண்டுமென்று கைதட்டுகிறவர்களையும் கல்லெறிகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அருகில் யாராவது செய்தால் பக்குவமாகச் சொல்லித் தடுங்கள்.

5. கேமரா அமைப்பு

மேயும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி, பறக்கும் பறவைக்கு 1/2000 நொடி. ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு அளவை) தானியங்கியில் விடுங்கள். ஃபோகஸ், நகரும் பொருளைத் தொடர்ந்து பிடிக்கும் முறையில் இருக்கட்டும். இரண்டு மூன்று படம் எடுத்ததும் திரையைப் பாருங்கள். வெள்ளை இறகில் கோடுகள் தெரியாமல் வெளிறிப் போயிருந்தால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் ஒளியின் அளவை, சற்றுக் குறையுங்கள்.

பறப்பது தானாக நடக்கும். பூநாரை நீரில் சில அடி ஓடித்தான் எழும்பும், அதுவும் காற்றுக்கு எதிர்முகமாக. காற்று வரும் திசை தெரிந்தால் எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே தயாராகலாம்.

6. மாலையில் நேலப்பட்டு

சூலூர்பேட்டையிலிருந்து வடக்கே சுமார் 20 கி.மீ. தொலைவில் நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயம். நீரில் நிற்கும் மரங்களில் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் கூடு கட்டியிருக்கும். பாதையை விட்டு விலகாதீர்கள். தாய்ப்பறவை பயந்து எழுந்தால் குஞ்சு வெயிலில் கிடக்கும். பார்த்த பறவைகளை இ-பேர்ட் செயலியில் பட்டியலிடுங்கள். 2015 முதல் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு தமிழ்நாட்டுக்கானது. பொங்கல் நாட்களில் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கமும் எண்ணினால் அந்தப் பட்டியல் அதற்குப் பயன்படும். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று எண்ணினால் போதும்.

நான்கு மணிக்கு மேல் கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறி நில்லுங்கள். ஏரியில் மீன் பிடித்த கூழைக்கடாக்கள் கூடு நோக்கி ஒவ்வொன்றாகத் தாழ இறங்கி வரும்.