கல்வி, வேலை, பயிற்சி எதிலும் இல்லாத இளைஞர்கள்: இரண்டு புள்ளிவிவரங்களை ஒப்பிடுவது எப்படி

ஒரே நாடு, ஒரே ஆண்டு. படிப்பு, வேலை, பயிற்சி மூன்றிலும் இல்லாத இளைஞர்கள் எத்தனை சதவீதம் என்று ஓர் அறிக்கை ஒன்று சொல்லும், இன்னொன்று வேறொன்று சொல்லும். பெரும்பாலும் இரண்டுமே சரிதான். எண்ணிய ஆட்கள்தான் வேறு. ஆகவே அட்டவணையைத் தொடும் முன் இரு தரப்பின் விளக்கக் குறிப்புகளையும் படித்துவிடுங்கள்.

முதலில் வயது. ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் 8.6.1 என்ற குறியீடு 15 முதல் 24 வயது வரை எண்ணுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2030க்குள் 9 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்று வைத்திருக்கும் இலக்கு 15–29 வயதினருக்கானது. பிரிட்டனின் காலாண்டு எண்கள் 16–24. பதினைந்து, பதினாறு வயதில் பெரும்பாலோர் பள்ளியில் இருப்பதால், அவர்களைச் சேர்த்தால் விகிதம் இறங்கும். பொது வயதுக்குக் கொண்டுவர 15–19, 20–24 என்ற பிரிவுகளின் ஆள் எண்ணிக்கைகளைக் கூட்டி, பிறகு வகுங்கள். சதவீதங்களை நேரடியாகச் சராசரி எடுத்தால் விடை தவறும். பிரிவுகளின் அளவு ஒன்றாக இருப்பதில்லை.

அடுத்தது கணக்கு. இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 1,000 இளைஞர்கள் என்று வைத்துக்கொள்வோம். வேலையில் 400 பேர், படிப்பில் 450 பேர், இரண்டிலும் இருப்பவர்கள் 70 பேர். 1,000-இலிருந்து 400-ஐயும் 450-ஐயும் கழித்து 150 என்று எழுதினால் அந்த 70 பேரை இருமுறை கழித்துவிட்டோம். சரியான விடை 220, அதாவது 22 சதவீதம். இதே கூட்டத்தில் வேலை தேடுவோர் 80 பேர் என்றால், வேலையின்மை விகிதம் 80-ஐ 480-ஆல் (வேலையில் 400, தேடுவோர் 80) வகுத்து 16.7 சதவீதம். அங்கே வகுக்கும் எண்ணில் இருப்பது வேலையில் இருப்போரும் வேலை தேடுவோரும் மட்டும். நம் 22 சதவீதத்தில் இளைஞர்கள் அனைவரும். அந்த 80 பேரிலும் 20 பேர் படித்துக்கொண்டே வேலை தேடினால், நம் 220-இல் வேலை தேடுவோர் 60 பேர்தான். மீதி 160 பேர் தேடவே இல்லை: வீட்டைப் பார்த்துக்கொள்பவர்கள், உடல்நலம் குன்றியவர்கள், தேடிச் சலித்தவர்கள். இந்த இரு பிரிவுகளையும் தனித்தனியாகக் காட்டாத ஒப்பீட்டை வைத்து எந்தத் திட்டமும் தீட்டக் கூடாது. இருவருக்கும் வேண்டிய உதவி வேறு.

‘படிப்பு’ என்பதன் எல்லையும் மாறும். மூன்று வாரக் கணினி வகுப்புக்குப் போகிற, வேலையில்லாத ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட் கடந்த நான்கு வாரங்களில் முறைசார்ந்த படிப்போ, முறைசாராப் பயிற்சியோ இருந்ததா என்று பார்க்கும். ஆகவே மூன்றிலும் இல்லாதோர் கணக்கில் அவர் வரமாட்டார். ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) முறைசாராக் கல்வியையும் மிகக் குறுகிய வகுப்புகளையும் விட்டுவிடும், அவர் வந்துவிடுவார்.

வேலைக்கும் அப்படியே. வாரத்தில் ஒரு மணி நேரம் ஊதியத்துக்கோ லாபத்துக்கோ உழைத்தாலே வேலையில் இருப்பவர் என்பது ஐ.எல்.ஓ. (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) வரையறை. 2013-இல் நடந்த தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு, தன் வீட்டுத் தேவைக்கு மட்டும் பயிரிடுபவர்களை வேலை என்ற கணக்கிலிருந்து வெளியே எடுத்தது. புதிய வரையறைக்கு மாறிய நாடுகளில், சிறு விவசாயம் மிகுந்திருந்தால், யார் வாழ்க்கையும் மாறாமலேயே விகிதம் ஏறும்.

விசாரிக்கும் காலம் இன்னொரு கண்ணி. இந்தியாவின் தொழிலாளர் கணக்கெடுப்பான பி.எல்.எஃப்.எஸ். ‘வழக்கமான நிலை’ என்று கடந்த 365 நாட்களையும், ‘நடப்பு வார நிலை’ என்று கடந்த 7 நாட்களையும் கேட்கிறது. அறுவடையில் 40 நாள் வேலை செய்து, மற்ற நாட்களில் வீட்டில் இருந்த பெண், துணை வேலையையும் சேர்த்த வழக்கமான நிலையில் வேலையில் இருப்பவர். அதற்கு 30 நாள் போதும். அறுவடை இல்லாத வாரத்தில் கேட்டால் அவர் வேலையில் இல்லை. ஓர் அறிக்கையின் வழக்கமான நிலையை இன்னோர் அறிக்கையின் வார நிலையோடு வைத்துப் பேசாதீர்கள். பள்ளி முடிந்து கல்லூரி திறக்கும் வரையிலான மாதங்களும் எண்ணை உயர்த்தும். பருவகாலச் சீராக்கம் (ஆண்டுதோறும் அதே மாதங்களில் வரும் ஏற்ற இறக்கத்தை நீக்குவது) செய்யாத எண்களை முந்தைய ஆண்டின் அதே காலாண்டோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

ஆய்வு நடத்தாமல் அரசு அலுவலகங்கள் வைத்திருக்கும் நிர்வாகப் பதிவுகளில் பார்க்க வேண்டியது ‘நிலை தெரியாதோர்’ என்ற வரி. இங்கிலாந்தில் 16, 17 வயதினரின் நிலையை உள்ளாட்சி அமைப்புகள் பதிவு செய்கின்றன. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான சராசரியை வெளியிடும்போது, மூன்றிலும் இல்லாதோரோடு நிலை தெரியாதோரையும் சேர்த்த எண்ணும் தரப்படுகிறது. அந்தக் கூட்டு எண்ணையே எடுங்கள். முதல் வரி 1 புள்ளி குறைந்து, தெரியாதோர் 1 புள்ளி கூடியிருந்தால், அதை முன்னேற்றம் என்று சொல்ல முடியாது.

மாதிரி ஆய்வு என்றால் பிழை வரம்பு. 1,500 இளைஞர்களிடம் கேட்டு 20 சதவீதம் வந்தால், எளிய மாதிரிக்கே இரு பக்கமும் சுமார் 2 புள்ளி ஆடும். குழுக்களாகத் தேர்ந்தெடுத்த மாதிரியில் இன்னும் கூடும். இப்படிப்பட்ட இரு ஆண்டுகளின் வேறுபாடு 3 புள்ளிக்கும் குறைவென்றால் ஏற்றம், இறக்கம் என்று எழுத வேண்டாம். 80 பேரே உள்ள மாவட்டக் கணக்கில் அது ஏறத்தாழ 9 புள்ளி. மாவட்டங்களை வரிசைப்படுத்தும் ஆசையை அங்கேயே விட்டுவிடுங்கள்.

தொடரில் முறிவு இருக்கிறதா என்றும் தேடுங்கள். 2021-இல் ஐரோப்பிய தொழிலாளர் கணக்கெடுப்பின் சட்டமும் கேள்விகளும் மாறின. பிரிட்டனில் பதில் தருவோர் குறைந்ததால் 2023 அக்டோபரில் அந்நாட்டுத் தொழிலாளர் கணக்கெடுப்பின் மதிப்பீடுகளையே சிறிது காலம் நிறுத்திவைத்தார்கள். முறிவின் இரு பக்கத்தையும் ஒரே கோடாக இழுக்காமல், இடைவெளி விட்டு வரையுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் அடியில் வயது, விசாரித்த காலம், படிப்பின் எல்லை, வேலையின் வரையறை, தெரியாதோரை எப்படி நடத்தினார்கள் என்ற ஐந்தையும் எழுதுங்கள். ஐந்தில் ஒன்று பொருந்தாவிட்டாலும் அளவை ஒப்பிட வேண்டாம். ஒவ்வொரு மூலத்துக்குள்ளும் காலப்போக்கு எந்தத் திசையில் போகிறது என்பதை மட்டும் ஒப்பிடலாம்.