அல்ட்ரா வைட் ஜூம் லென்ஸில் படம் எடுக்கப் பழகுவது எப்படி?

மிக அகலமான காட்சியைப் பிடிக்கும் அல்ட்ரா வைட் லென்ஸ் வாங்கிய முதல் வாரத்தில் பெரும்பாலும் எல்லோரும் ஒரே படத்தைத்தான் எடுக்கிறோம். கீழ்ப்பாதி வெறும் தரை, மேல்பாதி வெறும் வானம், நடுவில் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு மலை. நேரில் அண்ணாந்து பார்த்த மலை படத்தில் மண்மேடாகிவிட்டதே என்று நானும் லென்ஸைத் திட்டியிருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே படத்துக்குள் அடக்கலாம் என்ற ஆசையில் பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருந்ததுதான் என் தப்பு. இந்த லென்ஸோடு முன்னால் போக வேண்டும் என்று புரிய எனக்குச் சில மாதங்கள் ஆயின. உங்களுக்கு ஒரு மாலை போதும்.

1. உங்கள் லென்ஸின் எண்

ஃபுல் ஃபிரேம் கேமராவில் (36 x 24 மி.மீ. சென்சார் உள்ளது) லென்ஸின் குவியத் தூரம் 24 மி.மீ.க்குக் கீழே போனால் அல்ட்ரா வைட் என்பார்கள். 16-35, 14-24 எல்லாம் இந்த ரகம். அதைவிடச் சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவில் அதே அகலம் வேண்டுமென்றால் 10-20 அல்லது 10-24 தேவை. ஃபுல் ஃபிரேம் கணக்குக்கு மாற்ற, லென்ஸில் உள்ள எண்ணை 1.5-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், கேனன் ஏபிஎஸ்-சி என்றால் 1.6. இன்னும் சிறிய சென்சாரான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 2.

ஃபுல் ஃபிரேமில் மூலைக்கு மூலை 35 மி.மீ. பார்ப்பது 63 டிகிரி, 24 மி.மீ. 84 டிகிரி, 16 மி.மீ. 107 டிகிரி. 200 மி.மீ.யில் இரண்டு மி.மீ. கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. இங்கே 16-லிருந்து 18-க்குப் போனாலே ஏறக்குறைய 7 டிகிரி போய்விடும். அதனால் ஜூம் வளையத்தை மெதுவாகத் திருப்பப் பழகுங்கள்.

2. ஒரு பூந்தொட்டியும் பின்னால் ஒரு கட்டிடமும்

இந்தப் பயிற்சியை மட்டும் தவறவிடாதீர்கள். மற்றதெல்லாம் இதன் தொடர்ச்சிதான்.

தரையில் ஒரு பூந்தொட்டியை வையுங்கள். பின்னால் நூறு மீட்டர் தள்ளி ஒரு கட்டிடமோ மரமோ இருக்கட்டும். லென்ஸை 16-இல் வைத்துவிட்டு வளையத்தைத் தொடாமல் தொட்டியிலிருந்து 2 மீட்டரில் ஒரு படம், 1 மீட்டரில் ஒன்று, அரை மீட்டரில் ஒன்று எடுங்கள். ஒவ்வொரு முறையும் தொட்டி இரண்டு மடங்கு பெரிதாகும். கட்டிடமோ அப்படியே நிற்கும். நூறு மீட்டரில் ஒன்றரை மீட்டர் நகர்ந்தது அதற்கு ஒரு கணக்கே இல்லை.

இப்போது வளையத்தை 35-க்குத் திருப்பி, தொட்டி கடைசிப் படத்தில் இருந்த அதே அளவில் தெரியும்வரை பின்னால் போங்கள். ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் நிற்பீர்கள். தொட்டி அதேதான், ஆனால் கட்டிடம் இரண்டு மடங்குக்கும் மேலாக வளர்ந்து அருகில் வந்ததுபோல் இருக்கும்.

ஆக, முன்னால் இருப்பதற்கும் பின்னால் இருப்பதற்கும் உள்ள அளவு உறவை முடிவு செய்வது நீங்கள் நிற்கும் இடம். அதைக் கால்களால் முடிவு செய்துவிட்டு, ஓரங்களில் எதைச் சேர்ப்பது, எதை வெட்டுவது என்பதற்கு மட்டும் ஜூமைத் திருப்புங்கள். நின்ற இடத்திலேயே நின்று வளையத்தைச் சுற்றுவது சோம்பேறித்தனம். நானும் அடிக்கடி செய்வேன், படமும் அப்படியே வரும்.

இந்த வகை லென்ஸ்கள் பலவும் 25 முதல் 28 செ.மீ. வரை கிட்டே ஃபோகஸ் ஆகும். அந்தத் தூரத்தை அளப்பது சென்சாரிலிருந்து. அதனால் லென்ஸின் முகப்புக் கண்ணாடிக்கும் பொருளுக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. இடித்துவிடாதீர்கள்.

3. கேமரா சாயக்கூடாது, சாய்த்தால் நன்றாகவே சாய்க்கலாம்

கேமராவைக் கொஞ்சம் மேலே தூக்கினாலும் கட்டிடத்தின் இரு பக்கச் சுவர்களும் மேலே போகப்போக ஒன்றையொன்று நோக்கிச் சாயும். மெனுவில் கிரிட் (திரையில் தெரியும் கட்டக் கோடுகள்), லெவல் (மட்டம் காட்டும் கோடு) இரண்டையும் போட்டுக்கொள்ளுங்கள்.

கேமரா மட்டமாக இருந்தால் தொடுவானம் படத்தின் நடுவில்தான் விழும், கீழே நிறையத் தரை வரும். அந்தத் தரையில் ஏதாவது இருக்க வேண்டும். குனிந்து, தேவைப்பட்டால் முட்டி போட்டு, ஒரு பாறையையோ தேங்கிய தண்ணீரையோ முன்னால் கொண்டுவாருங்கள். கட்டிடத்தின் உச்சி வெட்டுப்பட்டால் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பாருங்கள். மென்பொருளில் நிமிர்த்திக்கொள்ளலாம் என்றால் ஓரங்களில் தாராளமாக இடம் விட்டு எடுங்கள், நிமிர்த்தும்போது அது பறிபோகும்.

துணிந்து தலைக்கு மேலே நோக்கி எடுப்பதும் அழகுதான். அரைகுறைச் சாய்வுதான் தவறுபோலத் தெரியும்.

4. நான்கு ஓரங்களையும் ஒரு சுற்று பாருங்கள்

உங்கள் செருப்பு, உங்கள் நிழல், ட்ரைபாட் கால், தொங்கும் கேமரா வார்... எல்லாம் உள்ளே வந்து நிற்கும். ஷட்டரை அழுத்தும் முன் கண்ணை ஓரமாகவே ஒரு சுற்று ஓட்டுங்கள்.

ஆட்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு குடும்பப் படத்தை 16-இல் எடுத்தேன். ஓரத்தில் நின்ற சித்தப்பாவின் தலை பூசணிக்காய்போல் அகன்றுவிட்டது. அவர் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுவார். இது லென்ஸின் குறையும் இல்லை. நேர்க்கோட்டை நேர்க்கோடாகவே காட்ட வேண்டுமென்றால் ஓரங்களை இழுத்துத்தான் ஆக வேண்டும். ஃபிஷ்ஐ லென்ஸ் கோட்டை வளைத்துவிட்டு இந்த இழுப்பைத் தவிர்க்கிறது. ஆகவே ஆட்களை நடுப்பக்கம் நிறுத்துங்கள், கூட்டம் பெரிதென்றால் கொஞ்சம் பின்னால் போய் 28 அல்லது 35-இல் எடுங்கள்.

5. ஃபோகஸும் அப்பெர்ச்சரும்

இங்கே இந்த லென்ஸ் நமக்கு நண்பன். ஃபுல் ஃபிரேமில் 16 மி.மீ., அப்பெர்ச்சர் (ஒளி நுழையும் துளை) எஃப்/8, ஃபோகஸ் 1.1 மீட்டர் தூரத்தில் என்று வைத்தால் அரை மீட்டரிலிருந்து தொடுவானம்வரை ஓரளவு தெளிவாக வரும். எஃப்/11 என்றால் 80 செ.மீ.யில் ஃபோகஸ் செய்து 40 செ.மீ.யிலிருந்து பெறலாம். பெரிதாக அச்சிடப் போகிறீர்கள் என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளி ஃபோகஸ் செய்யுங்கள், தூரத்து மலை கூர்மையாகும். துளையை எஃப்/22 வரை மூட வேண்டாம். அவ்வளவு சிறிய துளையில் ஒளி வளைந்து பரவுவதால் (டிஃப்ராக்‌ஷன்) படம் முழுவதுமே மழுங்கும்.

கையில் பிடித்தே 1/15 நொடியில் எடுக்க முடிவது இன்னொரு வசதி.

6. வெயில், ஃபில்டர்

இவ்வளவு அகலத்தில் சூரியன் எங்காவது ஒரு மூலையில் எட்டிப் பார்க்கும். முகப்புக் கண்ணாடியைத் துடைத்து வையுங்கள், ஒரு விரல் ரேகை போதும் படம் வெளிறிப்போக. போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைத்து வானத்தைக் கறுக்க வைக்கும் ஃபில்டர்) மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளியுள்ள வானத்தை மட்டும் அது அதிகமாகக் கறுக்க வைப்பதால் நீல வானத்தில் ஒரு கரும்பட்டை விழும். முன்கண்ணாடி குமிழிபோல் புடைத்த லென்ஸ்களில் சாதாரணத் திருகு ஃபில்டர் மாட்டவே முடியாது.

வானம் வெளுத்து, தரை கறுத்து வருகிறதா? ரா (RAW) கோப்பாக, அதாவது சென்சாரின் முழுத் தரவும் இருக்கும் கோப்பாக எடுங்கள், அல்லது வானத்துக்கு ஒன்று, தரைக்கு ஒன்று என இரண்டு எடுத்து அப்புறம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மென்பொருளில் லென்ஸ் புரொஃபைலை (அந்த லென்ஸுக்கான திருத்த அமைப்பை) போட்டால் அகலக் கோடியில் நேர்க்கோடுகள் வெளிப்பக்கம் வளையும் பீப்பாய் வளைவும் மூலை இருட்டும் சரியாகும். மூலை இருட்டை மட்டும் நான் பல சமயம் பாதி விட்டுவைப்பேன்.