சிரையின் வால்வை உங்கள் கையிலேயே பார்க்கலாம்

இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் தமனி, இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவரும் சிரை, இந்த இரண்டு ரத்தக் குழாய்களின் வித்தியாசம் மனதில் நிற்கவில்லையா? கையைக் கொஞ்ச நேரம் தொங்கவிடுங்கள். முன்கையில் பச்சையாகப் புடைப்பது சிரை. ஒரு விரலால் அதை அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கம் மெல்ல நீவி, நீவிய விரலை மட்டும் எடுங்கள். வால்வு இருக்கும் இடம்வரை சிரை தட்டையாகவே கிடக்கும். மேலே போன ரத்தத்தை வால்வு திரும்ப விடாது. அழுத்திய விரலையும் எடுத்தால் சட்டென நிரம்பிவிடும். 1628-ல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி விளக்கிய சோதனை இது. எத்தனை எளிமை!

அப்புறம், மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் துடிப்பது தமனி. இதயம் தள்ளும் ரத்தத்தின் அழுத்தத்தைத் தாங்க அதன் சுவர் தடிமனானது. தமனியையும் சிரையையும் இணைக்கும் மிக மெல்லிய குழாயான தந்துகிக்கோ ஒரே செல் அடுக்குதான். ஆக்சிஜன் திசுக்களுக்குள் போவது அதன் வழியாகத்தான்.