சேலத்து ஆயாவுக்கு (பாட்டிக்கு) நினைவு மலர்: யாரிடம் கேட்பது, எதைத் தேடுவது, எப்படி அச்சிடுவது

பதினாறாம் நாள் காரியத்துக்குள் மலர் போட்டுவிடலாம் என்று கிளம்பாதீர்கள். அந்த அவசரத்தில் அச்சகத்தில் தயாராக இருக்கும் 'அன்பின் திருவுருவே' பக்கத்தில் படத்தை மட்டும் மாற்றித் தருவார்கள். காரியத்துக்கு ஒரு படமும் நான்கு வரியும் உள்ள அட்டை போதும். மலரைத் தலைத்திவசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு. ஆனால் விசாரிக்கும் வேலையை முதல் மாதமே தொடங்குங்கள். ஆயாவின் வயதுத் தோழிகளும் எண்பதைத் தாண்டியவர்கள்தான்.

முதலில் உழைப்பு. இதுதான் கடினம், ஏனென்றால் சேலத்துப் பெண்களின் வேலை பெரும்பாலும் வேறொருவர் பெயரில்தான் எழுதப்பட்டிருக்கும். அம்மாபேட்டை, குகை நெசவு வீடுகளில் கூட்டுறவுச் சங்கப் பாஸ்புக் தாத்தா பெயரில் இருக்கும். தார் (தறி நாடாவில் வைக்கும் ஊடை நூல் குழல்) சுற்றியவர், அறுந்த பாவு (நீளவாட்டு) இழையைப் பிணைத்தவர் பெயர் எதிலும் இராது. செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்து கொடுத்தவர்கள் கதையும் அதுதான். ஏற்காடு காபித் தோட்டத்தில் வேலை பார்த்தவர் என்றால் செக்ரோலில் (தோட்டத்து வருகை, கூலிப் பதிவேட்டில்) பெயர் ஏறியிருக்க வாய்ப்புண்டு, பி.எஃப். சீட்டு கிடைத்தால் சேர்ந்த வருடமும் நின்ற வருடமும் தெரிந்துவிடும்.

மற்றவர்களுக்கு, உடன் வேலை செய்தவர்கள்தான் சாட்சி. 'ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா?' என்று கேட்டால் 'ஆமாங்க' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். 'காலையில எத்தனை மணிக்கு உக்காருவாங்க? ஒரு நாளைக்கு எத்தனை தார் சுத்துவாங்க? கூலியை யாரு கையில குடுப்பாங்க?' என்று கேளுங்கள். பரணில் ராட்டை இருந்தால் இறக்கி முன்னால் வையுங்கள். அதைத் தொட்டதும் பேச்சு தானாக வரும். மகன், மருமகள் பக்கத்தில் இல்லாதபோது கேட்பது நல்லது. கூலி, கடன், மனத்தாங்கல் எல்லாம் அப்போதுதான் வெளிவரும். கைபேசியில் பதியும்போது ஃபேனை நிறுத்துங்கள். நாற்பது நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

தேதிகளில்தான் பல மலர்கள் சறுக்குகின்றன. ஆதாரில் ஜனவரி 1 என்று இருந்தால் அது பெரும்பாலும் யாரோ போட்ட உத்தேசம். வருடம் நினைவில்லாதவரிடம் ஊரறிந்த நிகழ்ச்சியை வைத்துக் கேளுங்கள்: அண்ணா இறந்தபோது (பிப்ரவரி 1969) கைக்குழந்தை இருந்ததா, சேலம் உருக்காலை ஓடத் தொடங்கியபோது (1981) எந்த வீட்டில் குடியிருந்தார்கள், இந்திரா காந்தி கொல்லப்பட்டபோது (அக்டோபர் 1984) மகளுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா? இரண்டு பேர் தனித்தனியே ஒரே விடையைச் சொன்னால் அச்சிடலாம். இல்லையென்றால் 'சுமார்' போடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

'பக்தி மிகுந்தவர்' என்ற வரி எந்தப் பாட்டிக்கும் பொருந்தும், அதனால் யாருக்கும் பயன்படாது. ஆடியில் கோட்டை மாரியம்மனுக்கு என்ன வேண்டிக்கொண்டார், மே மாதத் திருவிழாவுக்குச் சேர்வராயன் கோயிலுக்கு யாரோடு போவார், எந்தக் கிழமை விரதம், எந்த வயதில் விட்டார் என்று எழுதுங்கள். கத்தோலிக்கர் என்றால் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கப் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். உறுதிபூசுதலும் திருமணமும் அதே பதிவின் ஓரத்தில் குறிக்கப்படுவது வழக்கம். ஆனால் அது ஞானஸ்நானம் பெற்ற பங்கு ஆலயத்தில்தான் இருக்கும், கடைசியாகக் குடியிருந்த பங்கில் தேடி ஏமாறாதீர்கள்.

தொண்டுக்கு ரசீது கிடையாது. மரியாயின் சேனையில் (கத்தோலிக்கப் பொதுநிலையினர் பக்தி அமைப்பு) இருந்தவர் என்றால் வாராந்தரக் கூட்டக் குறிப்பேட்டில் அவர் யாரைப் போய்ப் பார்த்தார் என்பது வரை இருக்கலாம்; மகளிர் குழுவுக்குத் தீர்மான நோட்டு உண்டு. பிரசவத்துக்குத் துணைபோனது, இழவு வீட்டில் சமைத்துப் போட்டது இவையெல்லாம் தெருக்காரர்கள் வாயில்தான். செய்ததை எழுதுங்கள், உதவி பெற்றவர் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் அதே தெருவில் இருப்பார்கள்.

அச்சுக்கு ஏ5 அளவில் 16 பக்கம் தாராளம். நடுவில் பின் அடிப்பதால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 12 புள்ளி எழுத்தில் பக்கத்துக்கு ஏறக்குறைய 180 சொல் கொள்ளும். வாழ்க்கைக் குறிப்பு 700 சொல்லைத் தாண்டினால் யாரும் படிப்பதில்லை. உள்தாள் 100 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு), அட்டை 250. பழைய பாஸ்போர்ட் படத்தை 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் இரண்டு மடங்கு பெரிதாக்கலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் போய்விடும், டாகுமெண்டாக அனுப்புங்கள். சட்டகக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில், கண்ணாடி மேலேயே படமெடுங்கள்.

யூனிகோடில் தட்டச்சிட்டதை அச்சகம் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது ஸ்ரீ, கொ, கோ, கௌ உடைவதுண்டு. ஆகையால் திரையில் பார்த்து ஒப்புதல் தராமல் தாளில் புரூஃப் வாங்குங்கள். முதலில் பெயர்களையும் முன்னெழுத்துகளையும் மட்டும் ஒருமுறை பாருங்கள், பிறகு முழுவதையும். விட்டுப்போன மருமகன் பெயரால் வரும் சண்டை எழுத்துப்பிழையால் வராது.